அப்பு அந்தச் சிமிழைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா?



போன மாதச் சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் 'பதேர் பாஞ்சாலி' நாவலைப் பற்றி எழுதியிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததே, அதுதான். இப்போது மழை பட்டுப் பாதி அழிந்துவிட்டது. அண்ணன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கட்டுரையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் இரண்டு விஷயம் எழுதியிருந்தார். ஒன்று, துர்கா திருட்டுப் புத்தி உள்ள பெண். இரண்டு, அவள் திருடி வைத்த தங்கச் சிமிழ் கையில் கிடைத்தும் அப்பு அதை உரியவரிடம் கொடுக்காமல் மூங்கில் புதரில் எறிந்தது தவறு, நாவலாசிரியர் மாணவர்களுக்கு நல்ல வழி காட்டத் தவறிவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (பொய் சொல்லக் கூடாது, இறங்கியது. ஆனால் சாப்பிடும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) தமிழம்மாவிடம் போய்ச் சொன்னேன். "என்கிட்ட எதுக்குச் சண்டைக்கு வர்ற, சுவத்துல எழுது" என்று சொல்லி இரண்டு சார்ட் கொடுத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் படித்ததும் அதே புத்தகம்தான். நம் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. அண்ணன் பென்சிலால் கோடு போட்ட இடமெல்லாம் எனக்குத் தெரியும். ரயில் வரும் இடங்களில் எல்லாம் கோடு இருக்கிறது. மாங்காய் வரும் இடத்தில் ஒரு கோடு கூட இல்லை. அங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் பிரச்சினை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இது வங்காளி நாவல். எழுதியவர் விபூதிபூஷண் பந்தோபாத்யாய. 1894-ல் பிறந்து 1950-ல் இறந்தவர். பல வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நாவல் 1929-ல் புத்தகமாக வந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம். 1955-ல் சத்யஜித் ராய் இதைப் படமாக எடுத்ததால்தான் நிறைய பேருக்குப் பெயர் தெரியும். நிச்சிந்திப்பூர் என்று ஒரு கிராமம். அங்கே ஹரிஹர் என்ற ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அப்பு, அப்புறம் இந்திர் தாக்ரூண் என்ற வயசான பாட்டி. அப்பு பிறந்ததிலிருந்து ஊரை விட்டுப் போவது வரைக்கும், அதுக்கு அப்புறமும் கொஞ்சம் கதை போகிறது. எல்லோரும் இதை அப்பு வளருகிற கதை என்றுதான் சொல்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான் எழுதியிருந்தார். அது சரிதான். ஆனால் அப்பு எந்த இடத்தில் வளர்ந்தான்? அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அதற்கு முதலில் துர்கா. கதையில் அவள் சாகும்போது ஏறக்குறைய நம்ம வயசு. அப்பு, பிரசன்ன குருமஹாசயர் என்பவரின் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு இடத்துக்குப் படிக்கப் போகிறான். அந்த வாத்தியார் மளிகைக் கடையும் நடத்துகிறார், பாடமும் சொல்லித் தருகிறார். (உப்பு நிறுத்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.) துர்கா போகவில்லை. அவளை ஏன் அனுப்பவில்லை என்று நாவலில் யாருமே கேட்கவில்லை. அப்புவுக்குப் பால் உண்டு. துர்கா காட்டில் என்ன கிடைக்கிறதோ அதைப் பொறுக்கித் தின்கிறாள். அதுக்கும் திட்டு. எங்கள் வீட்டிலும் முட்டை ஒன்றுதான் இருந்தால் தம்பிக்குத்தான். தம்பி, இதை நீ படித்தால் அம்மாகிட்ட சொல்லாதே.

ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். விபூதிபூஷண் முதலில் எழுதியபோது இந்தக் கதையில் துர்காவே கிடையாதாம். பாகல்பூரில் ஒரு நாள் தலைமுடி காற்றில் பறக்க நின்ற ஒரு கிராமத்துப் பெண்ணைப் பார்த்தாராம். எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டு அவளையும் சேர்த்து முதலிலிருந்து எழுதினார் என்று சொல்வார்கள். எழுதினவருக்கே அவள் இல்லாமல் கதை நிற்கவில்லை. நாம் அவளை ஒரே வரியில் திருடி என்று முடித்துவிடலாமா?

இப்போது மாங்காய். இந்தக் கதையைக் குழந்தைகளுக்காகச் சுருக்கியும் போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்குப் பேரே 'மாங்கொட்டை ஊதல்' என்று அர்த்தம் வருகிற மாதிரிதான். நாமும் கொட்டையைக் கல்லில் தேய்த்து பீப்பீ செய்வோமே, அது. அவ்வளவு முக்கியம் மாங்காய்க்கு.

ஒரு நாள் துர்கா பச்சை மாங்காய் கொண்டுவருகிறாள். அம்மா வீட்டில் இல்லை. அப்புவை மெதுவாகக் கூப்பிட்டு, எண்ணெயும் உப்பும் எடுத்துவரச் சொல்கிறாள். நாம் மிளகாய்த்தூள் போடுவோம், அவர்கள் எண்ணெய் விட்டுப் பிசைகிறார்கள். எடுக்கும்போது சிந்தக் கூடாது, அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆயிரம் எச்சரிக்கை. இரண்டு பேரும் அவசர அவசரமாகத் தின்கிறார்கள். அம்மா வருகிற சத்தம் கேட்டதும் துர்கா அப்புவைப் பார்த்து வாயைத் துடைக்கச் சொல்கிறாள், உப்பு ஒட்டியிருக்கிறது என்று. எனக்கு அந்த இடம் படிக்கும்போது என் வாயையே தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் என்ன ஆகிறது? அம்மா வறுத்த அரிசி தின்னக் கொடுக்கிறாள். அப்பு ஒரு வாய் போட்டுவிட்டு, மென்று தின்ன முடியலை, மாங்காய் தின்று பல் கூசுது என்று உளறிவிடுகிறான்! அக்கா முறைத்ததைப் பார்த்து பாதியில் நிறுத்துகிறான், ஆனால் சொல்லியாகிவிட்டது. அப்புறம் துர்கா அவன் முதுகில் ஒன்று வைக்கிறாள். இனிமேல் உனக்கு மாங்காயே கிடையாது என்கிறாள். அக்கா தம்பி உள்ள எல்லா வீட்டிலும் இது நடந்திருக்கும். எங்கள் வீட்டில் வாரம் ஒரு தடவை நடக்கிறது.

இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பு ரகசியம் காக்கத் தெரியாத பையன். கெட்டவன் இல்லை, வாயில் நிற்காது, அவ்வளவுதான்.

அப்புறம் திருட்டு. துர்கா எடுத்தாளா என்றால் எடுத்தாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. முதலில் ஒரு பாசிமணி மாலை. அதுக்கு அம்மாவிடம் அடி வாங்குகிறாள். அதுக்கு ரொம்ப நாள் கழித்து ஊரில் வசதியான ஒரு வீட்டில் தங்கக் குங்குமச் சிமிழ் காணாமல் போகிறது. வந்த விருந்தாளிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நேராக துர்காவைப் பிடிக்கிறார்கள். அந்த வீட்டம்மா அடிக்கிற அடி இருக்கிறதே, என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. துர்கா எடுக்கலை எடுக்கலை என்றே சொல்கிறாள். ஒப்புக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வந்தாலும் சொல்லவில்லை. அப்புவிடமும் சொல்லவில்லை.

எதுக்கு எடுத்தாள்? அவள் அதை விற்கவில்லை. நெற்றியில் வைத்துப் பார்த்தாள் என்று கூட எழுதவில்லை. ஒரு பானைக்குள் போட்டு யாரும் பார்க்காத உயரத்தில் வைத்துவிட்டாள். நான் நினைப்பது என்னவென்றால், அந்த வீட்டில் அவளுக்கு என்று பளபளப்பாக ஒன்றுமே இல்லை. அழகாக ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். இது தப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. தப்புதான். ஆனால் திருட்டுப் புத்தி என்பது வேறே.

அப்புறம் மழையில் இரண்டு பேரும் நனைகிறார்கள். ஒரு மரத்தடியில் நின்று துர்கா தன் சேலையால் அப்புவை மூடிக்கொண்டு, மழையை நிற்கச் சொல்லிப் பாட்டுப் பாடுகிறாள். அவளுக்குக் காய்ச்சல். மலேரியா அடிக்கடி வந்த உடம்பு. அப்பா வேலை தேடி வெளியூர் போயிருக்கிறார், பணம் வரவில்லை. துர்கா அப்புவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறாள். எனக்கு நல்லா ஆனதும் ஒரு நாள் ரயில் காட்டுறியா என்று. புயல் மழை முடியும்போது அவள் இல்லை. அப்பா கொஞ்ச நாள் கழித்து வருகிறார். பையில் துர்காவுக்குச் சேலை இருக்கிறது. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

ரயிலைப் பற்றி அண்ணன் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு சின்னத் தவறு. படத்தில்தான் அக்காவும் தம்பியும் ரயிலைத் தேடி ஓடிப் போகும்போது ரயில் வருகிறது. நாவலில் இரண்டு பேரும் ரயில் பாதையைத் தேடிப் போய், வழி தெரியாமல் சேற்றில் சிக்கித் திரும்பி வருகிறார்கள். துர்கா கடைசி வரை ரயிலைப் பார்க்கவே இல்லை. அப்பு ஊரை விட்டுப் போகும்போதுதான் முதல் ரயிலைப் பார்க்கிறான். அண்ணன் படத்தையும் புத்தகத்தையும் கலந்துவிட்டார் என்று நினைக்கிறேன். சிமிழும் அப்படித்தான். படத்தில் சிமிழ் கிடையாது, மாலை. குளத்தில் எறிவான், பாசி விலகித் திரும்ப மூடிக்கொள்ளும். தமிழம்மா சொன்னார்கள்.

சரி, சிமிழுக்கு வருகிறேன். குடும்பம் காசிக்குப் போக மூட்டை கட்டுகிறது. அப்பு மேலே எதையோ தேடும்போது ஒரு பானையிலிருந்து அந்தச் சிமிழ் உருண்டு விழுகிறது. அவனுக்கு உடனே புரிந்துவிடுகிறது. அக்கா செத்துப்போய்விட்டாள். ஊர் அவளை அடித்தது, அவள் எடுக்கலை என்றாள், அவன் நம்பினான். இப்போது கையில் சிமிழ். அவன் யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவையும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் மூங்கில் புதருக்குள் வீசி எறிந்துவிட்டு வருகிறான். யாரிடமும் சொல்லவே இல்லை.

மாங்காய் தின்று பல் கூசுது என்று உளறின அதே பையன்! அவன் வளர்ந்தது இந்த இடத்தில்தான் என்று நான் சொல்கிறேன். ரயில் ஏறினதால் இல்லை. அக்கா வாயைத் துடை என்று சொன்னாள், அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு யாரும் சொல்லாமலே துடைத்துவிட்டான்.

இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பெரிய சண்டை. பாதிப் பேர் அண்ணன் பக்கம். பொருள் யாருடையதோ அவர்களிடம் கொடுப்பதுதான் நேர்மை என்றார்கள். நான் கேட்டேன், கொடுத்தால் அந்த வீட்டம்மா என்ன சொல்வார்கள்? "பாத்தியா, அன்னைக்கே சொன்னேன்ல" என்றுதானே? அடித்தது சரி என்று ஆகிவிடும். துர்கா எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? அவளுக்காகப் பேச ஊரில் மிச்சம் இருந்தது அப்பு ஒருத்தன்தான். அவன் பேசாமல் இருந்துதான் அவளுக்காகப் பேச முடிந்தது.

இதுக்கு ஒரு தோழி நல்ல கேள்வி கேட்டாள். ராத்திரி யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டு வாசலில் போட்டிருக்கலாமே? பொருளும் போய்ச் சேரும், பேரும் கெடாது. நான் இரண்டு நாள் யோசித்தேன். துர்கா செத்தபிறகு சிமிழ் தானாக வாசலுக்கு வந்தால் ஊருக்குத் தெரியாதா என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் முழுசாக ஒப்பவில்லை. தங்கம் தங்கம்தானே, அதுவும் யாரோ ஒரு பெண்ணுடைய குங்குமச் சிமிழ், அவளும் தேடியிருப்பாள். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "செத்த புள்ள பேரை எதுக்குக் கண்ணு சந்தியில இழுக்கணும்" என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தமிழம்மா கேட்டார்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் ஆறாவது படிக்கும்போது சுற்றுலாவுக்குக் கொண்டுவந்த ஐம்பது ரூபாய் ஒரு பெண்ணிடம் காணாமல் போனது. வகுப்பில் யார் மேல சந்தேகம் என்று கேட்டார்கள். யாரும் பேசவில்லை. நான்தான் முதலில் ஒரு பேரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவள் எடுத்ததை நான் பார்க்கவில்லை. அவள் சட்டை அழுக்காக இருக்கும், எண்ணெய் வைக்காமல் வருவாள், யாரோடும் சேர மாட்டாள். அவ்வளவுதான் காரணம். அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். ரூபாய் இல்லை. உடைந்த வளையல் துண்டு, பத்துப் புளியங்கொட்டை, சினிமா ஸ்டிக்கர் ஒன்று, பாதி சாக்பீஸ். அந்தப் பாதி சாக்பீஸைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து அவளுக்குப் பேரே சாக்பீஸ் என்று ஆகிவிட்டது. ரூபாய் நாலு நாள் கழித்து அந்தப் பெண்ணின் கணக்கு நோட்டு அட்டைக்குள்ளேயே கிடைத்தது. யாரும் அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

முழுப்பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அவள் அப்பா அம்மா சூளை வேலைக்கு வேறு ஊர் போய்விட்டார்கள் என்றார்கள்.

பதேர் பாஞ்சாலியில் துர்காவும் அப்புவும் ஆளுக்கொரு தகரப் பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள். உடைந்த பொம்மை, காட்டுக் காய், சோழி இப்படி. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பைதான் கண்ணுக்கு முன்னால் கொட்டியது. துர்கா எடுத்தாள், இவள் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடந்தது ஒன்றுதான். எடுத்தாளா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாடியே முடிவு பண்ணிவிட்டார்கள். நிச்சிந்திப்பூரில் அந்த வீட்டம்மா பண்ணினார். இங்கே நான் பண்ணினேன். அதனால்தான் அண்ணன் எழுதின அந்த ஒரு வரி எனக்குத் தாங்கவில்லை. அது அண்ணனைப் பார்த்து வந்த கோபம் மட்டும் இல்லை.

அவள் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் அவளைச் சுவரில் ஒட்டின மாதிரி ஆகிவிடும். எங்கள் வகுப்பில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது தட்டில் இருக்கிறது. அண்ணன் நேரம் இருந்தால் மாங்காய் வரும் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு, சிமிழ் வரும் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அப்போதும் அப்பு செய்தது தவறு என்று தோன்றினால் எழுதுங்கள். அடுத்த இதழ் ஒட்டினதும் முதல் ஆளாக வந்து படிப்பேன்.

அந்தப் பெண் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எங்கள் வகுப்பில் யாருக்காவது தெரிந்தால், அல்லது அவர்கள் தெருப் பக்கம் இருந்து வரும் தம்பி தங்கைகள் யாருக்காவது தெரிந்தால், இடைவேளையில் என்னிடம் வந்து சொல்லுங்கள். வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி